அமிர்தம் வைத்த மை

என் கடையில் செருப்பை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகாத ஒரே ஆள் அமிர்தம்தான். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு வெளியே செருப்புக் காவல் கடை வைத்து உட்கார்ந்திருக்கிற எனக்கு மனுஷ ஜாதியின் பாதி குணம் அத்துப்படி. புதுச் செருப்பைப் பையில் ஒளித்துக்கொண்டு பழசை மட்டும் என்னிடம் விடுகிறவர்கள் உண்டு. டோக்கனைத் தொலைத்துவிட்டு என்மேல் எரிந்து விழுகிறவர்கள் உண்டு. பெருமாளைச் சேவித்துவிட்டு வந்த கையோடு அடுத்தவன் செருப்பைக் காட்டி, இதுதான் என்னுது என்று சாதிப்பவர்களும் உண்டு. அமிர்தம் இதில் எதிலும் சேரவில்லை. செருப்பை விட்டாள், டோக்கனை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், நேராகப் போய் என் கடைக்குப் பக்கத்தில் நின்ற ஃபைபர் யானையின் பின்னங்காலருகே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த யானையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம், புற்றுநோய் வந்த ஏழைக் குழந்தைகளின் வைத்தியத்துக்குப் பணம் திரட்ட ஒரு காரியம் செய்தது. கன்றுக்குட்டி உயரத்தில் யானைக்குட்டிகளை ஃபைபரில் வார்த்து, ஓவியர்களிடமும் பள்ளிக்கூடங்களிடமும் ஆளுக்கொன்றாகக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டு, ஜங்ஷன், தில்லை நகர், புத்தூர், உறையூர் என்று திருச்சி முழுக்கக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மார்கழியும் தையும் ஜனங்கள் பார்க்கலாம். அதற்கப்புறம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து ஏலம் விடுவார்கள். ஒரு யானைமேல் மலைக்கோட்டை, இன்னொன்றின்மேல் காவிரியும் படித்துறையும், ஒன்றின்மேல் என்னவென்றே புரியாத வட்டங்கள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள்.

எங்கள் பங்குக்கு வந்தது லோடு ஏற்றும் குட்டியானை வண்டியில் வந்திறங்கியது. குட்டியானை மேல குட்டியானை வருதுடா என்று ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்த நிழலில் பாதியை அது பிடித்துக்கொண்டது. உடம்பு முழுக்க வெள்ளை, அதன்மேல் சின்னச் சின்னக் கைகள். சிவப்பில், மஞ்சளில், நீலத்தில், குழந்தைகள் உள்ளங்கையைச் சாயத்தில் தோய்த்து அப்பியிருந்தார்கள். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் கைவண்ணம் என்று கழுத்தில் ஒரு பலகை தொங்கியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நிழல் போன கோபத்தில் நான் அதை யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அமிர்தம் முதல் நாள் வந்து யானையின் காலடியில் உட்கார்ந்தபோது, யாரோ பிள்ளையார் பக்தை, ஃபைபரென்று தெரியாமல் கும்பிடுகிறது என்று நினைத்தேன். என் வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா, சாமி உள்ள இருக்காரு. இது பிளாஸ்டிக்" என்றேன்.

"தெரியும்ணே" என்றாள். "இதுல எம் பொண்ணு கை இருக்கு."

பின்னங்காலில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், பச்சை நிறத்தில் ஓர் இடது கை. சுண்டுவிரல் மட்டும் சரியாகப் பதியாமல் நுனி தேய்ந்திருந்தது. அமிர்தம் தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். அவள் கைக்குள் அது முழுசாக மறைந்துபோனது. பொண்ணு எப்படி இருக்கா என்று நான் கேட்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. அவளே சொன்னாள், ஐப்பசியில் போய்விட்டாள் என்று.

தொட்டியத்துக்காரி அமிர்தம். புருஷன் பிச்சமுத்து அங்கே ஒருவரின் வாழைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். இவள் அதே தோட்டத்தில் இலை அறுப்பாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரே பெண், யமுனா. நாலாவது படித்துக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. விட்டது, மறுபடி வந்தது. முசிறியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுப் புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தத்தில் புற்றுநோய். அமிர்தம் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலேயே தங்கினாள். பிச்சமுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பழத்தோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடிப்பார்.

யானையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது ஆவணியில். தோட்டத்துப் புல்லில் நிறுத்தி, நடக்க முடிகிற குழந்தைகளை அழைத்துப்போனார்கள். யமுனாவால் நடக்க முடியவில்லை. தானும் வருவேன் என்று அடம் பிடித்ததால் அமிர்தம் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். வலது கையில் மருந்து ஏற்றும் ஊசி குத்தியிருந்ததால் இடது கையைத்தான் சாயத்தில் வைக்க முடிந்தது. புல்லில் உட்காரவைத்ததில் மேலே எட்டாததால் பின்னங்காலில். அத்தனை வண்ணம் இருக்கும்போது ஏன்டி பச்சை என்று அம்மா கேட்டதற்கு, இலைக் கலரும்மா என்றாளாம். இதை எங்கேம்மா வைப்பாங்க என்று கேட்டாளாம். ஊரே பார்க்கிற இடத்தில் வைப்பார்கள் என்று அங்கே நின்ற யாரோ சொன்னதும் குழந்தைக்கு அத்தனை சந்தோஷம். அன்றைக்கு முழுக்க அந்தக் கையைக் கழுவ விடவில்லை.

குழந்தை போனபிறகு, பஸ்ஸின் பின்னால் ஒட்டிய போஸ்டரில் யானைகளைப் பார்த்திருக்கிறாள் அமிர்தம். எது எங்கே நிற்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. ஆஸ்பத்திரி புத்தூரில்தானே, அங்கேதான் இருக்கும் என்று முதலில் அங்கே போனாள். இல்லை. சத்திரத்துக்குப் போனாள், ஜங்ஷனுக்குப் போனாள். டவுன் பஸ் டவுன் பஸ்ஸாக ஏறி இறங்கி, ஒவ்வொரு யானையையும் சுற்றிச் சுற்றி வந்து பின்னங்காலைப் பார்த்திருக்கிறாள். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படித்தான் நினைத்தேன்.

கண்டுபிடித்தபிறகு ஒரு வேலை செய்தாள். தினமும் இலைக்கட்டோடு ஸ்ரீரங்கத்துக்கு வர ஆரம்பித்தாள். விடிகாலை பஸ்ஸில் தொட்டியத்திலிருந்து கிளம்பி, திருவானைக்காவலில் இறங்கி, ஒரு ஷேர் ஆட்டோவில் கட்டை ஏற்றிக்கொண்டு வருவாள். இங்கே மெஸ்களுக்கும், தெவசம் வைத்திருக்கும் வீடுகளுக்கும் இலை கொடுப்பாள். ஸ்ரீரங்கத்தில் இலை விற்பது லேசான காரியமில்லை. நுனி இலையா, கிழிசல் இருக்கா, எந்தத் தோட்டம் என்று ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அமிர்தம் எல்லாருக்கும் வாய்க்கு வாய் பதில் கொடுத்தாள். வடக்குச் சித்திரை வீதியில் ஒரு மாமி, இலை வாடியிருக்கே என்றதற்கு, மாமி, நான்கூடத்தான் வாடியிருக்கேன், என்னை வேண்டாம்னுடுவேளா என்று அவர்கள் பேச்சிலேயே கேட்டுவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாள். அந்த மாமி மறுநாளிலிருந்து வேறு யாரிடமும் இலை வாங்கவில்லை.

வியாபாரம் முடிந்ததும் என் கடைக்கு வருவாள். செருப்பை விடுவாள். டோக்கன் எதுக்கும்மா, நீ இங்கேதானே உக்காரப்போறே என்றால் கேட்கமாட்டாள். யானையின் காலடியில் உட்கார்ந்து கையை வைப்பாள். அழமாட்டாள். யாராவது போட்டோ எடுக்க வந்தால் நகர்ந்து இடம் விடுவாள். அவர்கள் போனதும் மறுபடி வந்து உட்காருவாள்.

ஒருநாள் நான் கேட்டேன். "போன்ல போட்டோ இருக்கும்ல, வீட்டுல உக்காந்து பாக்கலாம்ல. இவ்வளவு தூரம் அலையணுமா?"

"போட்டோல மூஞ்சி இருக்குண்ணே" என்றாள். "கை எவ்வளவு பெருசுன்னு போட்டோல தெரியமாட்டேங்குது. இதுல தெரியுது."

அவள் கொண்டுவந்த இலையில் என் பழைய சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். அதற்குப்பிறகு மதியச் சாப்பாட்டுக்கு எனக்கென்று ஓர் இலை எப்போதும் இலைக்கட்டில் தனியாக இருக்கும்.

பிச்சமுத்துவும் ஒருமுறை வந்தார். கட்டைக்குட்டையான மனுஷன், வெள்ளைச் சட்டை, பேச்சே இல்லை. யானைக்கு அந்தப் பக்கம் நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமிர்தம் கூப்பிட்டாள், வாங்க, தொட்டுப் பாருங்க என்று. அவர் வரவில்லை.

"கையைத் தொட்டா ஆள் வேணும்னு தோணும், அமிர்தம்" என்றார். "நான் பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன்."

அவர் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். புருஷன்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "அவருக்கு அப்படி, எனக்கு இப்படி" என்று மட்டும் சொன்னாள்.

வைகுண்ட ஏகாதசி வந்தது. ஸ்ரீரங்கத்தில் அந்த நாட்களில் மூச்சு விட இடம் இருக்காது. ஆந்திராவிலிருந்து, கர்நாடகாவிலிருந்து, வேன் வேனாக ஜனங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் யானையோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனார்கள். குழந்தைகளை அதன் முதுகில் ஏற்றினார்கள், தும்பிக்கையில் தொங்கவிட்டார்கள். என்னால் டோக்கனும் கொடுத்துக்கொண்டு அவர்களையும் அதட்ட முடியவில்லை. அமிர்தம் பக்கத்துச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அப்போது ஒரு பெண்பிள்ளை, நல்ல மாதிரிதான், தன் மகளை உட்காரவைத்து, அவள் கையை எடுத்து யமுனாவின் பச்சைக் கைமேல் பொருத்திப் பார்த்தாள்.

"பாருங்க, அப்படியே இவ கைதான். அளவெடுத்த மாதிரி இருக்கு. என்ன அழகு இந்தக் கை" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் கிட்டே வந்து படம் எடுத்தான். இன்னும் இரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள்.

அமிர்தத்தின் முகம் சுண்டிப்போனது. பொறாமை என்று நினைத்தேன். அது பொறாமையில்லை, பயம். மறுநாள் காலையில் வந்தவள் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கண்மை டப்பியை எடுத்தாள். மோதிர விரலால் தொட்டு, பச்சைக் கைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்தாள். குழந்தைகளுக்குக் கன்னத்தில் வைப்போமே, அந்த மாதிரி ஒரு திருஷ்டிப் பொட்டு.

"ஏம்மா, ஃபைபருக்கெல்லாமா கண்ணு படும்?" என்று கேலி செய்தேன்.

"யானை அவங்களோடதுண்ணே. கை எம்புள்ளையோடது. எத்தனை கண்ணு, பாத்தீங்கள்ல."

அன்றிலிருந்து தினமும் பொட்டு வைத்தாள். வெயிலில் மை உருகும். குழந்தைகள் கை பட்டு இழுபடும். ஜனங்கள் சாய்வதில் புழுதியும் அதில் ஒட்டும். அவள் புதுசாக இன்னொன்று வைப்பாள். கொஞ்ச நாளில் அந்த இடத்தில் ஒரு கறுப்புத் தீற்றல் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது.

சங்கத்தின் சார்பில் யானைகளைப் பார்த்துக்கொள்ள சரத்குமார் என்று ஓர் இளைஞன் வருவான். பைக்கில் ஊர் முழுக்கச் சுற்றி, எந்த யானையின் தந்தம் உடைந்தது, எதன்மேல் எவன் பெயரெழுதினான் என்று பார்ப்பது அவன் வேலை. கறுப்பைப் பார்த்ததும் கொதித்துப்போனான்.

"யாரு அங்கிள் இங்க கிரீஸைத் தடவுறது? சைக்கிள்காரங்களா? நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க."

"நான் செருப்பைப் பாக்குறதா, யானையைப் பாக்குறதா? எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அவன் துணியில் மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்துவிட்டுப் போனான். பாவம், கையின்மேல் படாமல் கவனமாகத்தான் துடைத்தான். அமிர்தம் வந்ததும் விஷயத்தைச் சொல்லி, இனிமேல் வைக்காதேம்மா, ஆள் பார்க்கிறார்கள் என்றேன். தலையை ஆட்டினாள். மறுநாள் பார்த்தால் வெளியே பொட்டைக் காணோம். கைக்குள்ளே, உள்ளங்கையின் நடுவில், பச்சைமேல் கறுப்பாக இருந்தது.

"உள்ள வச்சுட்டேன்ணே. பச்சைக் குழந்தைக்கு உள்ளங்கால்ல வைக்கிற மாதிரி. அங்க வச்சா ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். ஏதோ பெரிய தந்திரம் செய்துவிட்டவளாக அன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

கரும்பச்சைமேல் கறுப்பு, முதல் சில நாள் நிஜமாகவே தெரியவில்லை.

தை கடைசியில் ஏலப் பேச்சு வந்தது. யானைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரிந்ததும் அமிர்தம் பதறிவிட்டாள். வாங்குகிறவர் யாராக இருக்கும், திருச்சிக்காரரா, சென்னைக்குக் கொண்டுபோய்விடுவாரா, வீட்டு வாசலில் வைப்பாரா, உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாரா என்று என்னையே கேட்டாள், நான்தான் வாங்கப்போகிற மாதிரி.

"அந்தக் காலை மட்டும் அறுத்துக் குடுப்பாங்களாண்ணே?"

"மூணு கால் யானையை எவன்மா ஏலத்துல எடுப்பான்?"

அதற்குச் சிரித்தாள். பிறகு தானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். வாங்குகிறவர் யாரென்று தெரிந்துகொண்டு, நேரில் போய் ஒரே ஒரு வார்த்தை கேட்பது. வருஷத்துக்கு ஒருமுறை, யமுனா பிறந்தநாளைக்கு, வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன், உள்ளே கூட வரமாட்டேன் என்று. நல்லவர்களாக இருந்தால் சரி என்பார்கள் என்றாள். பணம் கொடுத்துக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

அப்புறம் ஒருநாள் அவள் இலையோடு வந்தபோது யானை இல்லை. காலையிலேயே வண்டி வந்து ஏற்றிப் போய்விட்டது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மண்டபத்தில் எல்லா யானைகளையும் வரிசையாக வைத்திருப்பதாகவும், ஏலத்தன்று பகலில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம் என்றும் சரத்குமாரிடம் விசாரித்து வைத்திருந்தேன். அந்தப் பெரிய இடத்துக்குத் தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, கூட வரீங்களா என்றாள். ஏலத்தன்று கடையைப் பக்கத்துப் பூக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவளோடு போனேன். நல்ல புடவையாகக் கட்டியிருந்தாள். வாங்குகிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஐயா என்று ஆரம்பிப்பதா, சார் என்று ஆரம்பிப்பதா என்று கேட்டாள். ஐயா என்றே ஆரம்பி என்றேன்.

மண்டபத்தில் ஏசி. யானைகள் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றன. எங்கள் யானையை நான்தான் முதலில் பார்த்தேன். அமிர்தம் என்னைத் தாண்டி வேகமாக நடந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். பின்னங்காலருகே போய்க் குந்தி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் கையை நீட்டவில்லை. இந்தக் காலைப் பார்த்தாள், எழுந்துபோய் அந்தக் காலைப் பார்த்தாள், திரும்ப வந்தாள்.

பச்சைக் கை இருந்த இடத்தில் ஒரு தாமரைப்பூ இருந்தது. இளஞ்சிவப்பில், இதழ் இதழாக, அழகாக வரைந்திருந்தது.

பக்கத்தில் ஒரு பெண் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றிருந்தாள். ரஞ்சனி என்று அதில் இருந்தது. சங்கத்துக்கு உதவ வந்த காலேஜ் பெண். நாங்கள் அந்த யானையையே பார்ப்பதைக் கண்டு சிரித்துக்கொண்டே வந்தாள்.

"எங்க ஊர்ல நின்ன யானைம்மா" என்றேன். "இங்க ஒரு கை இருந்துச்சே."

"ஆமா அங்கிள், ஞாபகம் வச்சிருக்கீங்களே. யாரோ அந்தக் கை மேலயே திரும்பத் திரும்ப கிரீஸைத் தடவி வச்சிருக்காங்க. கறுப்பு அப்படியே ஊறிப்போச்சு. தின்னர் போட்டுத் தேய்ச்சேன், பெயின்ட்டே கையோட வந்துடுச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு அங்கிள். வேற வழியில்லாம சுத்தமா சுரண்டிட்டு இந்தப் பூவை வரைஞ்சேன். நைட் முழுக்க உக்காந்து வரைஞ்சது. நல்லா இருக்கா? மத்தக் கை ஒண்ணு விடாம அப்படியே இருக்கு, இது ஒண்ணுதான் போச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பெண்ணை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அமிர்தம் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். இலை அறுக்கிற கை, பிடி இரும்புப் பிடி.

"பூ நல்லா இருக்கும்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். "நீ ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவியா?"

"வாரா வாரம் போவேன் ஆன்ட்டி. குழந்தைங்களோட சேர்ந்து வரைவோம்."

"போயிட்டே இரு. விட்டுறாதே" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, சரிங்க ஆன்ட்டி என்றது.

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டோம். ஏலம் சாயங்காலம்தான். யார் வாங்குகிறார்கள் என்று நாங்கள் காத்திருந்து தெரிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் கீழே நின்றோம். அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சுரண்டியிருக்க மாட்டாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் அவசரம் என்று நான்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"அது என்னண்ணே பண்ணும்" என்றாள் அமிர்தம். "மை வச்சது நான்."

"நீ நல்லதுக்குத்தானேம்மா வச்சே."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அப்போதுதான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. இதை அவங்கப்பாகிட்டகூட சொன்னதில்ல. நாலாவது படிக்கிறப்ப ஸ்கூல்ல ஆண்டு விழா. கும்மிக்கு அவதான் நடுவுல. புதுப் பாவாடை, தலை நிறையக் கனகாம்பரம். தொட்டியமே கண்ணெடுக்காமப் பாத்துச்சு. டீச்சருங்க எல்லாம் தூக்கி வச்சுக் கொஞ்சுனாங்க. பவுடர் போட்டேன், பூ வச்சேன், வளையல் போட்டேன். மை வைக்க மட்டும் மறந்துட்டேன். வந்ததும் சுத்திப் போட்டுக்கலாம்னு இருந்தேன். இலைக்கட்டுக்கு வண்டி வந்துருச்சு, ஓடிட்டேன். அன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள உடம்பு அனலா கொதிச்சுது. அந்தக் காய்ச்சல்தான். டாக்டரம்மா ரத்தத்துல வர்ற நோய், உன் மேல எந்தத் தப்பும் இல்லம்மான்னு சொன்னாங்க. சரிங்கன்னு தலையை ஆட்டிக்கிட்டேன்."

ஒரு பஸ் வந்து நின்று போனது. அது எங்கள் பஸ் இல்லை.

"அன்னிக்கு வைக்கலை, புள்ள போயிடுச்சு. இப்ப வச்சேன், கையும் போயிடுச்சு. நான் என்னதாண்ணே செஞ்சிருக்கணும்? நீங்க சொல்லுங்க."

கண்ணாவது படுவதாவது, அதெல்லாம் மூடநம்பிக்கை, டாக்டர் சொன்னதுதான் நிஜம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் சொல்லியிருப்பார்கள். என் பேத்தி அந்த வருஷம்தான் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தாள். அன்று காலையில் அவளுக்கு யூனிஃபார்ம் மாட்டி, வாட்டர் பாட்டிலைத் தோளில் போட்டு, கன்னத்தில் மை வைத்து அனுப்பிவிட்டுத்தான் நான் கிளம்பி வந்திருந்தேன்.